மூன்றாவது நாற்காலி எங்கே?

பாட்டு வாழ்ந்தது, படம் மறைந்தது. 2011ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்து, தமிழ் அறியாதாரும் முணுமுணுத்த ‘கொலவெறி’ப் பாட்டைக் கேளாதார் இல்லை. அப்பாட்டைத் தாங்கிவந்த படத்தின் பெயர் ‘3’ என்று நினைவில் வைத்திருப்போர் சிலர். அப்படத்தின் நாயகன் எந்த நோயால் மாண்டான் என்று கேட்டால், விடை கூறுவோர் அச்சிலரினும் சிலர். “ஏதோ பைத்தியம் பிடித்துவிடும், பாவம்!” என்று கூறி அடுத்த பேச்சுக்குப் போய்விடுவர்.

அந்த ‘ஏதோ’வைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம்.

படம் 2012ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் திரைக்கு வந்தது. ஐஸ்வர்யா இயக்கினார், தனுஷும் சுருதி ஹாசனும் நடித்தனர். இத்தனை ஆண்டுகள் கழித்து அதற்கொரு திறனாய்வு எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. தமிழ்த் திரையில் பைத்தியத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. காதலில் தோற்றால் பைத்தியம், தலையில் அடிபட்டால் பைத்தியம், பூட்டிய அறையைத் திறந்தால் பைத்தியம், சிரிப்பு மூட்ட ஆள் கிடைக்காவிட்டாலும் பைத்தியம்! ஆனால், ஒரு குறிப்பிட்ட மனநோயைப் பெயர் சொல்லி, அதை மருத்துவர் தீர்க்க வேண்டிய நோய் என்று ஒப்புக்கொண்டு, அதையே கதையின் முதுகெலும்பாக வைத்த வெகுமக்கள் படங்கள் மிகச் சில. அச்சிலவற்றுள் இது ஒன்று. பெயர் சொன்ன படத்திடம்தான், பெயருக்குரிய பொருளைச் சொன்னாயா என்று கேட்க முடியும்.

கதை சாவில் தொடங்குகிறது. இளங்கணவன் ராம் இறந்துவிட்டான்; ஏனென்று அறியாது மனைவி ஜனனி கலங்குகிறாள். பின்னோக்கிச் செல்லும் படம் பள்ளிக் காதலைச் சொல்கிறது, பெற்றோர் எதிர்ப்பைச் சொல்கிறது, மணத்தைச் சொல்கிறது. பாதிக்கு மேல் ஆன பிறகே செந்தில் என்னும் நண்பன் வாய் திறக்கிறான். ராமுக்கு இருமுனைப் பிறழ்வு, அதாவது மருத்துவர்கள் ‘பைபோலார்’ என்று குறிக்கும் நோய், இருந்ததாம். அதை அறிந்தவர் அவனும் நண்பனும் மருத்துவரும் மட்டுமே. கட்டியவளுக்குத் தெரியாது, பெற்றவர்க்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பது ராமின் கட்டளை. நோய் முற்றுகிறது, தன் கண்ணுக்கு மட்டும் தெரியும் உருவங்கள் அவனை ஆட்டிவைக்கின்றன, வளர்த்த நாயைக் கொல்கிறான், உற்ற நண்பனையே தாக்குகிறான், இறுதியில் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். மந்திரவாதி வரவில்லை, வேப்பிலை அசையவில்லை, குலதெய்வத்தின் கோபம் காரணமென்று யாரும் குறி சொல்லவில்லை. நோயென்றால் மருத்துவரிடம் போவது என்னும் எளிய அறிவு படத்தில் இருக்கிறது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும், காதலித்து மணந்து களிப்போடு வாழ்பவனுக்கும் இந்நோய் வரும் என்று காட்டியதும் நன்றே. “அவனுக்கு என்ன குறை?” என்று கேட்கும் உலகத்துக்கு அது தக்க விடை. தனுஷின் நடிப்பைப் பற்றியும் குறை சொல்வதற்கில்லை. தன்னைத் தானே அஞ்சும் மனிதனின் கண்களை அவர் காட்டினார்.

ஆனால் அந்நோய்தான் என்ன?

ஒரு முனையில் எழுச்சி, மறு முனையில் சோர்வு. எழுச்சி வந்தால் உறக்கம் இரண்டு மூன்று மணியாகச் சுருங்கும், சுருங்கியும் களைப்பிராது. சொல்லைச் சொல் முந்தும். எண்ணம் ஓட, நா பின்னால் ஓடும். கையிலுள்ள பணம் கரையும். தொடங்காத தொழிலுக்குக் கடன் வாங்கப்படும். நள்ளிரவில் நண்பர் வீட்டுக் கதவு தட்டப்படும், நாட்டைத் திருத்தும் திட்டத்தைச் சொல்ல! ஒரு கிழமையோ அதற்கு மேலோ இவ்வாறு செல்லும். பிறகு சரிவு. இரண்டு கிழமை, இரண்டு திங்கள், சிலருக்கு அதனினும் நெடிது. எழுந்து பல் விளக்குவது மலையேற்றம் போல் ஆகும். உண்ட சோறு சுவைக்காது. பெற்ற பிள்ளையின் மழலையும் எட்டாத் தொலைவில் கேட்கும். “நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாயிருப்பார்கள்” என்னும் பொய், மெய்யின் உடை உடுத்தி வரும். இவ்விரண்டுக்கும் இடையே பலர் பல திங்கள், பல ஆண்டு, உங்களையும் எங்களையும் போலவே அலுவலகம் செல்கின்றனர், பாடம் நடத்துகின்றனர், பிள்ளைகளுக்குச் சோறூட்டுகின்றனர்.

பிரெஞ்சு மருத்துவர் ஃபால்ரே, வட்டமாய்ச் சுழன்று வரும் பித்து என்று 1850களில் இதை எழுதிவைத்தார். செருமானியர் கிரெப்பலின் 1899இல் வெளிவந்த தம் நூற்பதிப்பில் எழுச்சியையும் சோர்வையும் ஒரே நோயின் இரு முகங்களாக இணைத்தார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு இன்றைய பெயரை நிலைநாட்டியது. உலகில் 4 கோடி மக்கள் இந்நோயோடு வாழ்வதாக 2019ஆம் ஆண்டுக்கான உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீடு கூறுகிறது. பெரும்பாலும் பதின்பருவத்தின் முடிவிலும் இருபதுகளிலும் தலைகாட்டும், குருதிவழியும் தொடரும்.

இவற்றைப் படத்தில் தேடினால் என்ன கிடைக்கிறது? எழுச்சியின் பொய்க் களிப்பு இல்லை. சோர்வின் நீண்ட பகல்களுக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். இந்நோயாளர் தம் நோய்க்காலத்தின் பெரும்பகுதியைச் சோர்விலேதான் கழிக்கின்றனர் என்பதோ மருத்துவ உலகம் அறிந்த உண்மை. படம் எடுத்துக்கொண்டதெல்லாம் மாய உருவங்கள், அலறல், இரத்தம்! நோய் கடுமையாகும்போது சிலருக்கு இல்லாதது கண்ணில் தோன்றும், காதில் கேட்கும். ஆகவே முழுப் பொய் என்று தள்ள மாட்டோம். ஆனால், ஆற்றின் ஒரு சுழியை மட்டும் காட்டி இதுதான் ஆறு என்பது எவ்வகை நேர்மை? மந்திரவாதியை வாசலில் தடுத்த படம், பேயைப் பின்கட்டு வழியே உள்ளே விட்டுவிட்டது. பெயர் மட்டும் மருத்துவர் வைத்த பெயர். உருவம் பழைய பேயின் உருவம். படம் பார்த்துத் திரும்பியவனிடம் நாளை அவன் அலுவலகத் தோழன், “எனக்கு பைபோலார், மருந்து உண்கிறேன்” என்று சொன்னால் அவன் நினைவுக்கு எது வரும்? அந்த நாய் வரும்! மனநோயாளரில் மிகப் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. தாக்கப்படுவோராகவே அவர்கள் மிகுதியும் இருக்கின்றனர். அந்த உண்மைக்குத் திரையில் ஒரு காட்சி இல்லை.

கலை வேறு, மருத்துவ நூல் வேறு என்று சிலர் எமக்குப் பாடம் சொல்ல வருவர். அறிவோம். நாடகக் கொட்டகையில் பாடநூல் கேட்கவில்லை நாம். சுவைக்காகவே கேட்கிறோம்: மூன்று நாளாய் உறங்காதவன் விடியற்காலையில் மனைவியை எழுப்பி வீட்டை விற்றுத் தொழில் தொடங்குவோம் என்று கண்ணொளிர்ந்து பேசுவதும், அவள் சிரிப்பதா அஞ்சுவதா என்று தெரியாமல் விளக்கைப் போடுவதும் காட்சியாகாதா? பேயுருவத்தைவிட அது நெஞ்சை உலுக்காதா?

இப்படத்தை மட்டும் கூண்டில் நிறுத்துவது நேர்மையன்று. ‘சேது’ 1999இல் வந்தது. தலையில் அடிபட்ட காளையைச் சங்கிலியில் கண்டு நாடு அழுதது. ‘காதல்’ 2004இல் வந்தது; அறிவிழந்து தெருவில் அலையும் காதலனைக் கண்டு மீண்டும் அழுதது. ‘அந்நிய’னும் ‘சந்திரமுகி’யும் 2005இல் வந்தன, இம்முறை கைதட்டியது. அழுகையும் கைதட்டலும் குறையவில்லை; அறிவு மட்டும் கூடவில்லை. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரை எண்ணிப் பாருங்கள்! 1871இலிருந்து அங்கே மனநோயாளர்க்கான அரசு இல்லம் நடந்துவருகிறது. எத்தனை ஆயிரம் பேர் அங்கே நலம் பெற்று வீடு திரும்பினர்! 1961இல் அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளர் பொறுப்பேற்ற மருத்துவர் சாரதா மேனன், சங்கிலிக்கும் பூட்டுக்கும் மாறாக வேலைப் பயிற்சியையும் மறுவாழ்வையும் முன்வைத்தவர். 1984இல் ‘ஸ்கார்ஃப்’ நிறுவனத்தை நிறுவி, 2021இல் மறையும்வரை அப்பணியையே நினைந்தவர். அந்த அம்மையாரின் பெயரைச் சொல்லும் நகைச்சுவைக் காட்சி ஒன்றுண்டா? “இவன் கீழ்ப்பாக்கம் கேசு” என்னும் உரையாடலுக்கோ அளவில்லை. மருத்துவமனை நின்ற ஊரின் பெயரை வசைச்சொல்லாக்கிய பெருமை நம் நகைச்சுவைக் கலைஞர்களைச் சாரும்.

சிரிப்புத்தானே, போகட்டும் என்பீர்கள். அச்சிரிப்பின் விலை என்ன என்று கேளுங்கள்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களை அடைத்துவைத்திருந்த தனியார் இல்லத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 உயிர்கள் கருகின. ஓடத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். ஓட முடியாதபடி கட்டப்பட்டவர்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர் எவர்? பகைவரா? தாய், தந்தை, உடன்பிறந்தார்! இந்துவும் கிறித்துவரும் இசுலாமியரும் வந்து விட்ட இடம் அது. ஏர்வாடியைச் சொல்வதால் ஒரு மதத்தைச் சுட்டுவதாக எவரும் எண்ணவேண்டா. குணசீலத்துப் பெருமாள் முன்னிலையிலும், புளியம்பட்டி அந்தோணியார் கோயிலிலும் இதே நோயாளர் இதே நம்பிக்கையோடு காத்துக்கிடந்த காலத்தை நாடறியும். மூடநம்பிக்கையில் மட்டும் மும்மதமும் ஒருமதம்!

இவ்விடத்தில் நம் மேடைப் பேச்சாளர்கள் ஓங்கிக் குரல் கொடுத்து, கோயிலுக்குப் போனவர்களை ஏசிவிட்டு அமர்ந்துவிடுவர். நாமும் ஏசியிருக்கிறோம். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். தர்கா வாயிலில் மகனோடு நிற்கும் தாய்க்கு வெட்கமில்லை. வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். மனநல மருத்துவமனை வாயிலில் நிற்கும் தாயோ, தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவாரோ என்று முந்தானையால் முகத்தை மறைக்கிறாள். மகளுக்கு வரன் அமையாதே என்று நடுங்குகிறாள். அந்த வெட்கத்தைக் கோயில் தரவில்லை. கொட்டகை தந்தது, கேலிப் பேச்சு தந்தது, “கீழ்ப்பாக்கம்” என்று சிரித்த வாய் தந்தது. கோயிலை நோக்கி அவளைத் தள்ளியதில் பக்திக்குப் பாதிப் பங்கென்றால், நகைப்புக்கு மீதிப் பங்கு. 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, இருமுனைப் பிறழ்வுடையோரில் பத்துப் பேருக்கு ஏழு பேர் உரிய மருத்துவம் பெறவில்லை என்று கண்டது. அந்த ஏழு பேரும் கடவுளை நம்பியதால் மட்டும் மருத்துவரிடம் போகாதவர் அல்லர்.

இன்னும் கசப்பான ஒன்றைச் சொல்லவேண்டும். நம்மவர்க்குக் கோபம் வந்தாலும் சரி. மூடப்பழக்கத்தைச் சாட எழுந்த பகுத்தறிவாளர் நாக்கில் முதலில் வந்து அமர்ந்த சொல் எது? “பைத்தியக்காரத்தனம்!” தேர் இழுத்தால் பைத்தியக்காரன், மொட்டை போட்டால் பைத்தியக்காரன். அடியார் ஆண்டவனைப் பித்தன் என்று அழைத்தால் அது பக்தி. நாம் அடியாரைப் பித்தர் என்றால் அது பகுத்தறிவு. இடையில் மெய்யாகவே பித்துற்றவன் இருவருக்கும் வேண்டாதவன்! அறிவே மனிதனுக்கு அழகு என்று ஊர்தோறும் முழங்கினோம், முழங்கியது சரியே. ஆனால் அந்த அறிவு சில திங்கள் நோயில் விழுந்து கிடப்பவனை எந்த வரிசையில் நிறுத்தினோம்? பிறப்பால் தாழ்வில்லை என்று சொல்ல வந்த இயக்கம், நோயால் தாழ்வில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டாவா? மூடநம்பிக்கை நோயன்று, கற்பிக்கப்பட்ட அடிமைத்தனம். மனநோய் மூடத்தனமன்று, உடலின் ஒரு பகுதியாகிய மூளையைத் தொட்ட பிணி. இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கியது நாம் செய்த பிழை.

பிணி என்பதற்குச் சான்று கேட்பார்க்கு ஓர் உப்பின் கதையைச் சொல்வோம். சான் கேட் என்னும் ஆத்திரேலிய மருத்துவர் இரண்டாம் உலகப் போரில் சப்பானியரிடம் சிக்கி, சிங்கப்பூரின் சாங்கி முகாமில் மூன்றாண்டுக்கு மேல் கைதியாயிருந்தவர். ஊர் திரும்பி, மெல்போர்ன் நகரத்தில் ஒரு சிறு மருத்துவமனையில், பயன்படாத சமையற்கட்டு ஒன்றில் ஆய்வு நடத்தினார். லித்தியம் என்னும் தனிமத்தின் உப்பைத் தம் உடலில் ஏற்றுப் பார்த்துவிட்டு, 1948இல் ஐந்தாண்டுகளாய் எழுச்சி தணியாதிருந்த ஒருவருக்குக் கொடுத்தார். சில திங்களில் அம்மனிதர் வீடு திரும்பினார்; பழைய வேலைக்கே போனார். முடிவு நன்றாகவே இருந்தது என்று பொய் சொல்ல மாட்டோம். நலமானோம் என்று அவர் மருந்தை நிறுத்தினார், நோய் திரும்பியது, பின்னர் மருந்தின் நஞ்சேறி 1950இல் இறந்தார். குருதியில் லித்தியத்தின் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்னும் அறிவு அத்தகைய இழப்புகளின் வழியே வந்தது. டென்மார்க்கின் மோகன்சு சூ 1954இல் முறையான ஆய்வு நடத்தி மருந்தின் ஆற்றலை மெய்ப்பித்தார். அவருடைய தம்பிக்கே மீண்டும் மீண்டும் வந்த சோர்வு லித்தியத்தால் நின்றது. இன்று அம்மருந்து உண்போர் சிறுநீரகத்தையும் தைராய்டையும் குருதியளவையும் குறித்த காலத்தில் சோதித்துக்கொள்கின்றனர். தற்கொலையை அது தடுக்கிறது என்பதற்கும் வலுவான சான்றுகள் உள. வேறு மருந்துகளும் வந்துவிட்டன. பேயை ஓட்டக் குருதிச் சோதனை எதற்கு என்று கேளுங்கள், வேப்பிலைக்காரரை!

ஆக, 2012இல் எடுக்கப்பட்ட படத்தின் நாயகனுக்கு மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தார், செல்வம் இருந்தது. எது இல்லை? சொல்லும் துணிவு இல்லை. அந்தத் துணிவின்மையைப் படம் என்னவென்று பெயரிட்டது? காதல் என்று! அவள் வருந்துவாளாம், ஆகவே மறைத்தானாம். அவளுக்குத் தீங்கு நேருமாம்; ஆகவே மாண்டானாம். மறைப்பு அன்பாகவும் சாவு ஈகையாகவும் இசையோடு ஏற்றிப் போற்றப்படுகின்றன. இதுதான் இப்படத்தின் பெருங்குற்றம். பேயுருவங்களை மன்னிக்கலாம், இதை மன்னிப்பதற்கில்லை. “நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாயிருப்பார்கள்” என்பது நோய் சொல்லும் பொய் என்று முன்பே சொன்னோம். படம் அந்தப் பொய்யை நோயின் வாயிலிருந்து பிடுங்கி நாயகனின் வாயில் வைத்து, அதற்கு மெட்டும் போட்டுவிட்டது. புகைப்பவன் திரையில் தோன்றினால் ஓரத்தில் எச்சரிக்கை எழுதவேண்டுமென்று சட்டம் இருக்கிறது. இப்படத்தை இனி ஒளிபரப்புவோர் அதே ஓரத்தில் 14416 என்னும் மனநல உதவி எண்ணை எழுதினால் என்ன?

அமெரிக்காவில் கே ரெட்ஃபீல்டு சேமிசன் என்றோர் அம்மையார். இந்நோயைப் பற்றியே ஆராய்ந்து நூலெழுதிய பேராசிரியர். தமக்கும் அந்நோய் உண்டென்பதையும், மருந்தை வெறுத்து நிறுத்தியதையும், உயிரைப் போக்கிக்கொள்ள முயன்று பிழைத்ததையும் 1995இல் தன்வரலாறாக வெளியிட்டார். தம் தொழில் போகுமோ என்னும் அச்சம் அவருக்கும் இருந்தது. சொன்னார், பேராசிரியராகவே தொடர்ந்தார். ராமின் கதையை எழுதியவர்கள் அந்நூலைப் புரட்டியிருந்தால் படத்தின் பின்பாதி வேறாயிருக்கும்.

ராமுக்காகவும் ஒரு சொல் பேசவேண்டும். அவன் ஏன் மறைத்தான்? நாடு மறைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பதினோராவதாக உடல்நலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. “ஒரு கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்” என்று மனநோய்க்குப் பெண்ணை மருந்தாகக் கொடுக்கும் கொடுமை நம் வீடுகளில் நடக்கிறது. நோயுற்றவன் ஆண் என்றால் மனைவி செவிலியாகிறாள்; நோயுற்றவள் பெண் என்றால் தாய்வீட்டுக்கு வண்டி கட்டுகிறார்கள்! 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மனநோயை மணமுறிவுக்கு ஒரு காரணமாக வைத்திருக்கிறது. நோயின் பெயர் மட்டும் போதாது, கூடிவாழ இயலாத அளவுக்கு அது இருந்தாக வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1988இல் விளக்கியது. விளக்கம் சட்டநூலில் இருக்கிறது. அச்சம் வீட்டில் இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடுத்தது. உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாக அன்றிக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகக் கருதச் சொன்னது. உடல்நோய்க்கு உள்ள காப்பீடு மனநோய்க்கும் வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் கணவன் மனைவியிடம் பேசும் பேச்சுக்குச் சட்டம் எழுத முடியாது. அதை எழுதக்கூடியவர்கள் கதையெழுதுவோர்தான்.

படத்தின் தலைப்பு ‘3’. வாழ்வின் மூன்று பருவங்களை அது குறிக்கிறது என்பர். எமக்கோ அத்தலைப்பைக் காணும்போதெல்லாம் மருத்துவரின் அறை நினைவுக்கு வருகிறது. மேசைக்கு இப்பால் ராம் அமர்ந்திருக்கிறான், அருகே செந்தில். பள்ளிக்காலம் முதல் அவனைக் காதலித்தவள், அவனோடு ஒரே கூரையின்கீழ் உறங்கி எழுபவள், அவனுடைய உறக்கம் குறைவதை எவருக்கும் முன்பாகக் கண்டு சொல்லக்கூடியவள் அங்கே இல்லை. உறக்கம் குறைவதே எழுச்சியின் முதல் அடையாளம். மருத்துவர் நோயாளியிடம் கேட்பதைவிட அதை மனைவியிடம் கேட்பார். “நேற்று எத்தனை மணி உறங்கினார் அம்மா?” என்று அவர் கேட்க, ஜனனி விரல்விட்டு எண்ணிச் சொல்லும் காட்சி ஒன்று அப்படத்தில் இருந்திருக்கலாம். அதற்கு ஆகும் செலவு, மூன்றாவதாக ஒரு நாற்காலி.